மண் வீட்டுப் பேராசிரியர் பிரான்சுவா குவாந்தரோ

கருங்கல்லால் கோட்டையும் சலவைக்கல்லால் அரண்மனையும் எழுப்பினோருடைய கீர்த்தியை உலகம் என்றும் பேசிக்கொண்டிருக்கின்றது. குடியானவன் தன் காலடியில் கிடக்கும் மண்ணைக்கொண்டே நெருப்புக்கு அஞ்சாத வீடொன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்னும் ஒரே நோக்கத்திற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவரும் ஒருவர் உண்டு. பிரெஞ்சு தேசத்துப் பிரான்சுவா குவாந்தரோ என்பது அவர் பெயர். மண் கட்டிடக் கலையைப் பயில்வோர் யாவரும் அவரை நன்கு அறிவர். பிறரும் அவருடைய சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம். ஏனெனில், ஒரு மனிதன் தொடங்கிய நற்காரியம் அவன் கண்மூடிய பின்னரே நிறைவுறலாம் என்பதற்கும், அங்ஙனம் நிறைவுறுவதனால் அவன் பட்ட பிரயாசை வீணாகிவிடாது என்பதற்கும் இச்சரித்திரம் ஒரு சான்றாகும்.

குவாந்தரோ 1740-ஆம் ஆண்டில் லியோன் நகரிற் பிறந்தார். அந்நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களில் மண்ணைத் திமிசடித்துச் சுவரெழுப்பும் தொழில் பரம்பரையாக நடந்துவந்தது. அதனை அந்நாட்டார் பிசே என்பர். இது குவாந்தரோ கண்டுபிடித்த வித்தையன்று. ஸ்பெயின் தேசத்தில் அனிபால் எழுப்பிய மண் காவற்கோபுரங்கள் தம் காலத்திலும் நிலைத்திருந்தனவென்று உரோம ஆசிரியரான பிளினி எழுதிவைத்திருக்கின்றார். லியோன் பகுதியில் வழங்கிய முறையைக் குறித்தும் குவாஃபோன் என்பவர் 1772-இலேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஆயினும், நாட்டின் ஒரு மூலையிலுள்ள கொத்தனார்களுக்கு மாத்திரமே கைவந்திருந்த அவ்வித்தையைத் தேசமெங்கும், தேசத்திற்கப்பாலும் பரவச் செய்ய வேண்டும் என்று துணிந்தவர் குவாந்தரோவே.

அம்முறை இன்னதென்பதை இங்கே சிறிது விளக்குவோம். முதலில் ஈரம் ஏறாதபடி கல்லால் அடித்தளம் கட்டுவர். அதன்மேல் இருபுறமும் பலகைகளை நிறுத்திக் கட்டி, இடையிலே மண்ணைக் கொட்டுவர். அம்மண் சேறாகவும் இருத்தலாகாது, புழுதியாகவும் இருத்தலாகாது. கையிற் பிடித்தாற் பிடியாக நிற்கும் அளவுக்கு மாத்திரம் ஈரம் இருக்க வேண்டும். சிறிது சிறிதாகக் கொட்டி, மரத் திமிசினால் அடித்து அடித்து இறுக்குவர். ஓர் அடுக்கு இறுகியபின் அடுத்த அடுக்கு. பலகை நிறைந்ததும் அதனைக் கழற்றி அப்பால் நகர்த்துவர். இவ்வாறு எழுந்த சுவர் நன்றாக உலர்ந்தபின், அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசுவர். செங்கல் சுடும் சூளையும் வேண்டுவதில்லை; அதற்கான விறகும் வேண்டுவதில்லை. உழைக்கும் கையும், உகந்த மண்ணும் இருந்தாற் போதும்.

குவாந்தரோவின் உள்ளத்தை இவ்வித்தையிற் பிணித்தது நெருப்பைப் பற்றிய அச்சமே. அக்காலத்தில் பிரான்சின் வடபகுதியாகிய பிக்கார்டி நாட்டுக் கிராமங்களில் மரச்சட்டங்களுக்கிடையே மண்ணப்பிய சுவர்களும் வைக்கோற் கூரைகளுமே மிகுதி. ஒரு வீட்டில் விழுந்த பொறி ஊரையே சாம்பலாக்கிவிடும். ஒரு வருஷத்து விளைச்சலும், கால்நடைகளும், சில வேளைகளில் மக்களும் ஓரிரவில் அழிந்தொழிவர். இதற்குப் பரிகாரம் யாதென்று ஆமியேன் நகரத்து வித்வ சபையார் 1780-களில் வினாவெழுப்பினர். திமிசடித்த மண் எரியாது. ஆகவே மண் சுவரே ஏழைக்கு ஏற்ற அரண் என்பது குவாந்தரோ கண்ட விடையாகும். கிரெனோபில் நகரிலும் பிக்கார்டி நாட்டிலும் அவர் இது குறித்துப் பரீட்சைகள் செய்தார். பின்னர், தலைநகரை அசைத்தாலன்றித் தேசம் அசையாது என்று கருதினவராய்ப் பாரிசை அடைந்தார்.

அவர் பாரிசை அடைந்த சிறிது காலத்திற்குள் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பிரபுக்களுக்கு மாளிகை கட்டுவதே கட்டிடக் கலை என்றிருந்த எண்ணம் ஆட்டங்கண்ட காலம் அது. குடியானவனுடைய வீடும், களஞ்சியமும், தொழுவமும் கலைக்குரிய பொருள்களே என்று குவாந்தரோ வாதித்தார். நாட்டுப்புறக் கட்டிடக் கலைக்கென ஒரு பள்ளியை நிறுவி, தம்மை அக்கலையின் பேராசிரியர் என்று அழைத்துக்கொண்டார். அப்பட்டத்தை எந்தச் சர்வகலாசாலையும் அவருக்கு வழங்கவில்லை. செய்யும் வேலையே தமக்கு அதனை அளித்ததாக அவர் எண்ணினார் போலும். 1790, 1791 ஆகிய ஆண்டுகளில் அப்பள்ளியின் பெயராலேயே நான்கு நூல்களைப் படங்களுடன் வெளியிட்டார். கருவிகளின் உருவம், மண்ணின் குணம், சுவரெழுப்பும் வகை ஆகியவற்றை எளிய நடையில் அவற்றிலே விவரித்தார். உழவும் வீடும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் கருத்தினால், வேளாண்மை என்னும் சொல்லையும் கட்டிடக் கலை என்னும் சொல்லையும் இணைத்துப் புதுச்சொல் ஒன்றையும் பிரெஞ்சு மொழியில் ஆக்கினார். சிறிதும் பெரிதுமாக அவர் எழுதிய நூல்கள் எழுபது வரையில் இருக்கும்.

சொந்த நாட்டிலும் அந்நிய நாடுகளே அவரை விரைவில் அறிந்துகொண்டன எனலாம். அவருடைய எழுத்துக்கள் ஜெர்மன், டேனிஷ், இத்தாலிய மொழிகளிற் பெயர்க்கப்பட்டன. இங்கிலாந்தில் ஹென்றி ஹாலந்து என்னும் பேர்பெற்ற கட்டிடச் சிற்பி அவற்றின் சாரத்தை 1797-இல் வேளாண்மைச் சங்க வெளியீட்டின் வாயிலாக ஆங்கிலத்திலே தந்தார். அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த தாமஸ் ஜெபர்சனோடு குவாந்தரோ கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். கடல் கடந்து அமெரிக்கா சென்று இவ்வித்தையைக் கற்பிக்கவும் விரும்பினார், அவ்விருப்பம் கைகூடவில்லை. ஆயினும் அவர் செல்லாத இடங்களுக்கெல்லாம் அவருடைய நூல்கள் சென்றன. ஜெர்மனியிலுள்ள வைல்புர்க் நகரில் 1820-களில் திமிசடித்த மண்ணால் எழுந்த ஆறு மாடி வீடு இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. தென் கரோலினா மாகாணத்து ஸ்டேட்பர்க் என்னும் ஊரில் 1850-க்கும் 1852-க்கும் இடையில் கட்டப்பட்ட மண் சுவர்த் தேவாலயமும் அவ்வாறே நிலைத்திருக்கின்றது.

இனி அவருடைய வித்தைக்கு நேர்ந்த சோதனையையும் மறையாது கூறுதல் வேண்டும். மேற்குப் பிரான்சில் லா ரோஷ் என்னும் ஊரைப் புதுநகரமாக்கும்படி 1804-இல் நெப்போலியன் கட்டளையிட்டான். வேலை விரைந்து முடிய வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்று அங்கே மண் சுவர் முறையைக் கைக்கொண்டனர். லியோன் நாட்டு மண் வேறு, அந்நாட்டு மண் வேறு. அங்கே கடற்காற்றோடு கலந்த மழையும் அதிகம். 1808-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சக்கரவர்த்தி நேரில் வந்து பார்த்தான். தான் ஆணையிட்ட நகரம் மண் சுவர்களாய் நிற்கக் கண்டு சினங்கொண்டு, பொறுப்பிலிருந்த பொறியாளரை அப்பதவியினின்றும் நீக்கிவிட்டான். நெருப்பை வென்ற மண், நீரின் முன்னே தலைகுனிந்தது என்று பகைவர் நகைப்பதற்கு இடமாயிற்று.

குவாந்தரோ சோர்ந்துவிடவில்லை. திமிசடிக்கும் முறையிலிருந்த குறைகளை அவரே அறிந்திருந்தார். பலகை நிறுத்தி அடிப்பதற்கு நல்ல பருவம் வேண்டும்; பழகிய ஆட்கள் வேண்டும்; சுவரில் ஓரிடம் இறுகியும் ஓரிடம் தளர்ந்தும் போவதுண்டு. ஆகவே, சுவர் முழுவதையும் ஒருங்கே இறுக்குவதற்குப் பதிலாக, சிறு மர அச்சுக்களில் மண்ணையிட்டுக் கற்களாக இறுக்கி, அவற்றைக் கொண்டு சுவர் கட்டலாமென்று அவர் எண்ணினார். இதனைப் புதிய பிசே என்று அழைத்தார். முதலிற் கைத்திமிசினால் அக்கற்களைச் செய்தார். பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திராட்சை பிழியும் யந்திரத்தின் போக்கைத் தழுவி, மண்ணை அழுத்தும் யந்திரமொன்றையும் அமைத்தார். இக்காலத்தில் உலகெங்கும் வழங்கும் அழுத்திய மண்கல்லுக்கு அதுவே மூதாதை எனலாம். சூளையிற் சுடாமலே செங்கல்லைப்போல் ஒரே அளவாக அடுக்கத்தக்க கல் அதனாற் கிடைத்தது.

ஆனால் நீர் என்னும் பகைவன் அப்பொழுதும் அவ்வாறே இருந்தான். அதன் காரணத்தை இக்காலத்து விஞ்ஞானம் தெளிவாக உரைக்கின்றது. மண்ணிலே சரளை, மணல், வண்டல், களி என்னும் நான்கு கூறுகள் உண்டு. முதல் மூன்றும் சுவருக்கு எலும்பு போன்றவை. களியே அவற்றைப் பிணிக்கும் பசை. அழுத்தும்போது இடையிலுள்ள காற்று வெளியேறி, மணிகள் ஒன்றையொன்று நெருங்கி, கல் கனமும் வலிமையும் பெறுகின்றது. ஆனால் களியோ நீரைக் கண்டால் அதனை உறிஞ்சிப் பருத்துத் தன் பிடியை விட்டுவிடும். உலர்ந்தாற் சுருங்கி வெடிக்கும். எவ்வளவு வன்மையாக அழுத்தினாலும் இக்குணத்தை மாற்ற இயலாது. நீரிலும் பிடி தளராத வேறொரு பசை வேண்டும். குவாந்தரோவின் யந்திரத்திற்கு இல்லாமற்போனது இது ஒன்றே.

அப்பசை அவருடைய ஜீவிய காலத்திலேயே உருவாகிக்கொண்டிருந்தது என்பது வியப்புக்குரியது. லூயி விக்கா என்னும் இளம் பொறியாளர் 1812 முதல் சுயாக் என்னுமிடத்தில் தோர்தோஞ் நதியின்மேல் பாலம் கட்டும் பணியில் அமர்ந்திருந்தார். சில சுண்ணாம்பு நீருக்குள்ளேயே இறுகுவதும், சில கரைந்து போவதும் ஏன் என்று ஆராய்ந்தார். சுண்ணாம்புக் கல்லோடு களி தக்க அளவிற் கலந்து சுடப்படுவதே நீரில் இறுகும் குணத்திற்குக் காரணம் என்று கண்டு, 1818-இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நீரைக் கண்டதும் பிடி தளரும் அந்தக் களியே, சுண்ணாம்போடு கூடி நெருப்பிற் புகுந்து வெளிவந்தபின், நீரினாலேயே இறுகும் பொருளாயிற்று. இதன்பின் 1830-ஆம் ஆண்டில், தொண்ணூறு பிராயத்தில், குவாந்தரோ காலஞ்சென்றார். மாறி மாறி வந்த அரசாங்கங்களுக்கெல்லாம் அவர் விண்ணப்பம் செய்தும், அவர் வேண்டிய நிலையான பள்ளி அமையவில்லை. யந்திரம் ஒருவர் கையிலும், பசை வேறொருவர் கையிலுமாக நின்றன. இரண்டையும் இணைப்பார் அந்நாளில் இல்லை.

அவ்விணைப்புக்கு நூறாண்டுக்கு மேற் சென்றது. 1935-இல் தென் கரோலினாவிலுள்ள ஜான்சன்வில் என்னும் ஊரருகே மண்ணோடு சிமெண்டைக் கலந்து இறுக்கிச் சாலை அமைத்தனர். நம் தேசத்தில், பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்காக 1948-இல் கர்னால் நகரில் ஏறத்தாழ 4000 வீடுகள் சிமெண்டு கலந்து திமிசடித்த மண் சுவர்களால் எழுந்தன. 1956-இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் ரவுல் ராமிரெஸ் என்னும் பொறியாளர், இருவர் கையாலே இயக்கத்தக்க சின்வா ராம் என்னும் அழுத்து யந்திரத்தை அமைத்தார். மண்ணோடு சிறிது சிமெண்டைக் கலந்து அதிலிட்டு, நீண்ட பிடியை இழுத்து அழுத்தினாற் கல் உருவாகிவிடும். குவாந்தரோவின் யந்திரமும் விக்காவின் வழிவந்த பசையும் அன்று ஒன்று கூடின. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் 1970-களில் தொடங்கி இத்துறையில் அரிய ஆராய்ச்சிகள் செய்தனர்.

சிமெண்டு மண்ணுக்குச் செய்யும் உதவி யாதெனின், அது நீரோடு சேர்ந்து இறுகும்போது மணல் மணிகளுக்கிடையே நுண்ணிய வலைபோற் பரந்து அவற்றைப் பிணித்துவிடுகின்றது. பின்னர் மழை நனைத்தாலும் அவ்வலை அவிழ்வதில்லை. இதற்கு ஏற்ற மண், மணற்பாங்கான மண்ணே. நூற்றுக்கு ஐம்பது பங்கு மணலும், பதினைந்து சரளையும், பதினைந்து வண்டலும், இருபது களியும் இருப்பது சிறந்ததென்பர். களி மிகுந்த மண்ணில், சிமெண்டு கட்டிகளின் வெளிப்புறத்தை மாத்திரம் பூசி நின்றுவிடும். அத்தகைய மண்ணுக்குச் சுண்ணாம்பே தக்கது. இலை தழை மக்கிய மேல்மண் எதற்கும் உதவாது. அதனை ஒதுக்கி வயலுக்கு விட்டுவிட வேண்டும். சிமெண்டின் அளவு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெரும்பாலும் போதும். மூன்றுக்குக் குறைந்தாற் பயன் இராது. மிகுதியாகச் சேர்த்தாலோ, செலவு ஏறி, மண்கல்லின் சிறப்பே அழிந்துவிடும்.

இங்கே அனுபவமில்லாதோர் தவறும் இடம் ஒன்றுண்டு. மண் உலர்ந்து வலுப்பெறுவது. சிமெண்டோ நனைந்து வலுப்பெறுவது. பச்சைக் கல்லை வெயிலிற் காயவைத்துப் பழகியவர், சிமெண்டு கலந்த கல்லையும் அவ்வாறே வெயிலில் விட்டுவிடுவர். அதனுள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிவிட, சிமெண்டு பாதியிலே பட்டினி கிடந்து, கல் பொடிந்துபோகும். ஆதலின் புதுக்கல்லை நிழலில் அடுக்கி மூடி, நீர் தெளித்து, நான்கு வாரம் காக்க வேண்டும். கலவையையும் நீர் சேர்த்தபின் நெடுநேரம் வைத்திராது உடனே அழுத்திவிட வேண்டும். இவ்வளவும் செய்தால், உலர்ந்த நிலையில் சதுர சென்டிமீட்டருக்கு 40 முதல் 60 கிலோ வரை பாரம் தாங்கும் கல் கிடைக்கும். நீரில் ஊறினால் அவ்வலிமை ஏறத்தாழப் பாதியாகும்; ஆயினும் கரைந்துபோகாது. வெறும் மண்கல்லுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அதுவே. ஆகையினால் சிமெண்டு கலந்துவிட்டோமென்று கல் அடித்தளத்தையும் கூரையின் தாழ்வாரத்தையும் கைவிடுதல் அறிவுடைமையாகாது. இவ்விரண்டின் அருமையையும் லியோன் நாட்டுக் கொத்தனார்கள் அன்றே அறிந்திருந்தனர்.

குவாந்தரோ பரீட்சை செய்த கிரெனோபில் நகரிலேயே விக்கா 1861-இல் காலமானார். அதே நகரில் 1979-இல் மண் கட்டிட ஆராய்ச்சிக்கென்று கிராத்தேர் என்னும் நிலையம் எழுந்தது. 1985-இல், லியோனுக்கருகிலுள்ள வில்பொந்தேன் என்னுமிடத்தில் அறுபத்தைந்து மண் வீடுகள் கொண்ட குடியிருப்பொன்று திறக்கப்பட்டது. திமிசடித்த சுவரும், சிமெண்டு கலந்து அழுத்திய கல்லும் அதில் அருகருகே நிற்கின்றன. நம் தமிழ் நாட்டிலும், புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள ஆரோவில்லில் 1989-இல் தொடங்கி எழுப்பப்பட்ட வருகையாளர் மண்டபம் அவ்விடத்துச் செம்மண்ணோடு சிமெண்டு கலந்து அழுத்திய கற்களால் ஆனது. எகிப்து தேசத்து மண் கட்டிடச் சிற்பி ஹாசன் பாத்தியின் பெயரால் வழங்கப்படும் பரிசு 1992-இல் அதற்குக் கிடைத்தது. குவாந்தரோ விரும்பிய பள்ளி, அவர் காலத்தில் அமையாவிடினும், இங்ஙனம் பல தேசங்களிற் கிளைத்திருக்கின்றது.

மாணவ நண்பர்களே, இச்சரித்திரத்தினின்றும் நாம் அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, எளியோர்க்கு உதவும் வித்தையை எளியதென்று இகழலாகாது. அரண்மனைக்குரிய அறிவைக் குடிசைக்கும் அளிப்பதே கல்வியின் பயன். இரண்டாவது, நம் முயற்சியில் ஒரு குறை தோன்றுமாயின் அதனை மறைக்கவும் வேண்டா, அதனால் மனமுடையவும் வேண்டா. குவாந்தரோவின் மண்ணில் ஐந்து பங்கு குறைவிருந்தது. மீதித் தொண்ணூற்றைந்து பங்கையும் அவர் குறைவறச் செய்துவைத்தார். எஞ்சிய ஐந்தைக் காலமும் பிறரும் கொணர்ந்து சேர்த்தனர். நம்மாலியன்ற பங்கை நாமும் திருந்தச் செய்வோமாக.